பாபின் நூல்

தாராவியில் தோல் பை தைக்கிற அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். புது மிஷின் வாங்கக் கிளம்பினால், தன் பட்டறைத் தோலில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போவார். கடைக்காரர் பளபளவென்று ஒரு துணியில் தைத்துக் காட்டுவதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "கொஞ்சம் எந்திரிங்க" என்று தானே உட்கார்ந்து, தன் தோலை மடிப்பு மேல் மடிப்பு வைத்து ஓட்டுவார். பிறகு திருப்பிப் போட்டு, பாபின் நூல் ஓடுகிற அடிப்பக்கத்தில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்குகிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பார். விலைப் பேச்சு அதற்கு அப்புறம்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

அவருடைய மகன் எஞ்சினியர். சயானில் லோக்கல் பிடித்து, காஞ்சூர்மார்க்கில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பொவாய் போகிறான். அவன் கம்பெனியிலும் மிஷின் வாங்கினார்கள். ஏஐ கோட் எடிட்டர், அதாவது புரோகிராமைத் தானே எழுதித் தருகிற மென்பொருள். அதற்கு ஒரு தேர்வுக் குழு. குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் கடைசியாக ஒரு புரோகிராம் எழுதிப் பத்து வருஷம் இருக்கும். தினமும் எழுதுகிறவன் ஒருவன்கூடக் கிடையாது. அவன் எதற்கு? கட்டிலை வாங்குகிறவர்கள் தூங்கப் போகிறவனையா கேட்பார்கள்?

ஒப்பீட்டு அட்டவணையில் நாற்பது வரிசை, பச்சை டிக்குகள். அட்டவணை போட்ட புண்ணியவான்களுக்கு ஒன்று தெரியவில்லை. அதில் இருந்த கர்சர், விண்ட்சர்ஃப் இரண்டுமே மைக்ரோசாஃப்ட் 2015இல் இலவசமாகக் கொடுத்த விஎஸ் கோட் எடிட்டரின் மேல் கட்டியவை. உள்ளே உட்கார்ந்து யோசிக்கிற மாடல்களும் பெரும்பாலும் அதே இரண்டு மூன்று கம்பெனிச் சரக்கு. மாட்டுங்காவில் ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் ஊற்றுகிறார்கள். அங்கே எந்த முட்டாளும் குழு போட்டு மாவை ஒப்பிடுவதில்லை.

பெரிய மனிதர்கள் இப்படி மாதக்கணக்கில் யோசிப்பார்கள். 2025 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, விண்ட்சர்ஃபை ஓப்பன்ஏஐ முந்நூறு கோடி டாலருக்கு வாங்கவிருந்த பேச்சு முறிந்தது. அதன் தலைமைச் செயல் அதிகாரியை கூகுள் தூக்கிக்கொண்டு போனது. திங்கட்கிழமை காலையில் மிச்சத்தை காக்னிஷன் என்ற இன்னொரு ஏஐ கம்பெனி வாங்கிவிட்டது. இங்கே கொள்முதல் கோப்பு ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்வதற்குள், அங்கே கடையே கைமாறிவிட்டது.

விலை? மாதம் 20 டாலர் என்று கர்சர் கூவியது. 2025 ஜூனில் கணக்கை மாற்றியது. பலருக்கு எதிர்பாராத பில். ஜூலையில் மன்னிப்பும், பணம் திருப்பித் தருகிறோம் என்ற வாக்குறுதியும். அதற்கு முன் ஏப்ரலில் அவர்களுடைய வாடிக்கையாளர் சேவை ஏஐயே, இல்லாத விதி ஒன்றை இருப்பதாகச் சொல்லிப் பலரை ஓட வைத்தது. தன் கடை விதியே தெரியாத ஆளிடம் நம் வங்கிக் கணக்குப் புரோகிராமைக் கொடுக்கிறோம். பேஷ்.

வேகம்தானே முக்கியம் என்பார்கள். மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு கடிகாரத்தை வைத்தே பார்த்தது. அனுபவசாலிகள் 16 பேர், தங்களுக்கு நன்றாகப் பழகிய திட்டங்களில் 246 வேலைகள். ஏஐயால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று முதலில் கணித்தார்கள். முடித்த பிறகும், 20 சதவீதம் மிச்சமானது என்று சத்தியம் செய்யாத குறை. கடிகாரமோ, ஏஐ இருந்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது என்றது. பதினாறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. கருவிகளும் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன. எனக்கே சில வேலைகளில் அது கை கொடுக்கிறது. ஆனால் மேல் தையலின் அழகைப் பார்த்து "ஆஹா" என்கிற மனசும், அடியில் தொங்குகிற நூலும் வேறு வேறு என்பதை அண்ணாச்சியிடம் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார்.

தொங்குகிற நூல் யார் கழுத்தைச் சுற்றுகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எடிட்டர் நானூறு வரி துப்புகிறது. "முப்பது சதவீத உற்பத்தி உயர்வு" என்று மேலிடம் ஸ்லைடு போட்டாகிவிட்டது. அதனால் பையனுக்கு வேலை கூட, நாள் குறைவு. படிக்க நேரமில்லை, தன் பெயரில் ஏற்றிவிடுகிறான். இரவு இரண்டு மணிக்கு அந்தப் புரோகிராம் படுத்துக்கொண்டால் விசாரணையில் நிற்கிறவன் அவன். எடிட்டரை யாரும் நிற்க வைத்துக் கேட்பதில்லை. 2025 ஜூலையில், இதே மாதிரி புரோகிராம் எழுதித் தருகிற ரெப்லிட் கம்பெனியின் ஏஐ, எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தும் ஒரு தொழில்முனைவரின் தரவுத்தளத்தை அழித்தது. மீட்க வழியில்லை என்று பொய்யும் சொன்னது. அதன் முதலாளி மன்னிப்புக் கேட்டார், கதை முடிந்தது. நம் பையன் செய்திருந்தால் அன்று மாலையே அடையாள அட்டையைப் பிடுங்கியிருப்பார்கள்.

என் அப்பா மாட்டுங்காவில் பிட்மன் சுருக்கெழுத்து கற்று, ஃபோர்ட்டில் ரெமிங்டன் தட்டியவர். மிஷின் கம்பெனியுடையது, வேகம் அவர் விரலுடையது. 1960களில் சிவசேனை நிறுவனர் பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், பம்பாய்க் கம்பெனிகளில் இருந்த அவரைப் போன்ற தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. வேலையைப் பறித்தவர்கள் என்று. 2025 ஜூலையில், இதே ஊரைத் தலைமையகமாகக் கொண்ட டிசிஎஸ் ஏறக்குறைய 12,000 பேரை அனுப்பப்போவதாக அறிவித்தது. காரணம் ஏஐ அல்ல, திறன் பொருந்தாமை என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி கிருதிவாசன். அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்தத் தொழில் முழுவதும் ஒரு வாயால் வாடிக்கையாளரிடம் "ஏஐயால் பாதி ஆள் போதும்" என்கிறது, மறு வாயால் வெளியே போகிறவனிடம் "ஏஐக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்கிறது. இந்த முறை வேலையைப் பறித்தவர்களின் பட்டியலை எந்த வார இதழும் அச்சிடுவதில்லை. பறித்தவனை எதிர்த்து எந்தச் சேனையும் தெருவுக்கு வருவதில்லை. கலிபோர்னியாக்காரன் லுங்கி கட்டுவதில்லையே.

  

போன வாரம் அண்ணாச்சியின் பட்டறைக்குப் போயிருந்தேன். அவருடைய பழைய மிஷின் இருபத்திரண்டாவது வருஷமாக ஓடுகிறது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து பைக்கு வார் கோத்துக்கொண்டிருந்தான். அவன் எடிட்டர் லைசன்ஸ் டிசம்பர் வரை இருக்கிறதாம். அவன் ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது.