மக்காச்சோளக் கொல்லையில் மஸ்காக்னி

டேய் பேராண்டி, நீ எடுத்த குறும்படத்தை உங்கப்பன் போன்ல காட்டினான். குத்தம் சொல்றதுக்கு இல்லை, நல்லாத்தான் இருக்குது. நான் மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு மக்காச்சோளக் கொல்லையில நடக்குறேன். நடக்குறேன், நடக்குறேன், நடந்துக்கிட்டே இருக்குறேன். எனக்கு முட்டிவலி உண்டு, இல்லேன்னு சொல்லலை. அதுக்காக அம்புட்டு மெதுவாவா நடப்பேன்? விக்கிரமங்கலத்துல பஸ் ஏறுன ஆளு அரியலூர் போயி, உரம் வாங்கி, பக்கோடாப் பொட்டலத்தோட திரும்பி வந்துடுவான். நான் இன்னும் வரப்பைத் தாண்டலை. பின்னாடி அம்பது வயலின் சேந்து அழுவுது. உங்க அப்பாயி ஓடியாந்து, "யாருக்கு என்னாச்சு?"ன்னு கேட்டா. "எனக்குத்தான், பேரன் முடிச்சுட்டான்"னு சொன்னேன்.

இசை யாரோடதுன்னு கேட்டா மஸ்காக்னிங்கிறே. மக்காச்சோளத்துக்கு மஸ்காக்னி, பேர்ப் பொருத்தம் பிரமாதம். இத்தாலிக்காரராம், 1890-ல ரோம்ல மேடையேறுன 'கவாலெரியா ருஸ்திகானா'ங்கிற ஆபெராவாம். ஸ்கார்செசிங்கிற டைரக்டர் 1980-ல 'ரேஜிங் புல்' படத்துல, குத்துச்சண்டைக்காரன் ஒத்தையில துள்ளுறப்ப இதைத்தான் போட்டாராம். அதனால நம்ம படத்துக்கும் ஒரு கௌரவம் வரட்டும்னு போட்டியாம். சரிதான். அவரு குத்துச்சண்டைக்காரனுக்குப் போட்டாரு, நீ குத்துக்கல்லுக்குப் போட்டிருக்கே.

அந்த ஆபெராவுல கதை என்னடான்னு கேட்டேன். முழிச்சே. போனைத் தடவிப் படிச்சுக் காட்டச் சொன்னேன். நீ படிக்கப் படிக்க எனக்குக் காது நிமிந்துடுச்சு. சிசிலியில ஒரு பட்டிக்காடு. ஈஸ்டர் நாளு. ஒருத்தன் பொண்டாட்டியோட இன்னொருத்தனுக்குத் தொடுப்பு, கடைசியில கொலை. அதை விடு, அதுக்கு இத்தாலி வரைக்கும் போவ வேண்டியதில்லை. ஊரே பூசைக்குக் கோயிலுக்குள்ள போயிடுது. சாந்துசான்னு ஒருத்தி மட்டும் வெளியில நிக்கிறா. சபை அவளை ஒதுக்கி வச்சிருக்கு, உள்ள போவக் கூடாது. அப்புறம் மேடை காலியாக் கெடக்குது, எதிர்ல கோயில். அந்த நேரத்துலதான் நீ போட்டியே, அந்த வயலின் வருது. உள்ள போவ முடியாத பொம்பளை நின்ன வாசலுக்குச் செஞ்ச இசையைக் கொண்டாந்து, சொந்தக் கொல்லைக்குள்ள சொகுசா நடக்குற கிழவனுக்குப் போட்டிருக்கியே, என் மேல உனக்கு என்னடா கோவம்?

வெளியில நிக்கிறவன் பாட்டுத்தான் வேணும்னா கப்பல் ஏறாதே, கொள்ளிடத்தைத் தாண்டு, போதும். மாயவரத்துப் பக்கம் ஆனதாண்டவபுரத்துல கோபாலகிருஷ்ண பாரதியார்னு ஒருத்தர் இருந்தாரு. பொறந்தது நரிமணம். அவரு பண்ணுன 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' நம்ம நாட்டு ஆபெராதான். மேடையில நூறு பேர் வேண்டியதில்லை. காலட்சேபம் பண்றவர் ஒருத்தரே நந்தனாவும் பாடுவாரு, வேதியராவும் அதட்டுவாரு. சேக்கிழார் பாடுன கதையில அந்த வேதியர் கெடையாது. பாரதியார்தான் கொண்டாந்து நிறுத்துனாரு, பண்ணையாள் ஒருத்தனை மடக்கணும்னா தடுக்கிற பண்ணையாரும் வேணும்ல? நந்தன் சிதம்பரம் போவ உத்தரவு கேக்குறான். வேதியரு என்ன சொல்றாரு? நாப்பது வேலி நிலத்துல வெள்ளாமையை முடிச்சுட்டுப் போடாங்கிறாரு. ஒரு வேலின்னா ஆறே முக்கா ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. நாப்பது வேலிக்கு நீயே கணக்குப் போட்டுக்க. ராத்திரியோட ராத்திரியா சாமி முடிச்சுக் குடுத்துடுச்சு. இன்னிக்கு அந்தச் சாமியை நான் நடவுக்குக் கூப்பிட்டா, நூறு நாள் வேலைக்குப் பேர் குடுத்துட்டேன்னு சொல்லும்.

ஒண்ணு கவனி. அந்தப் பாட்டெல்லாம் சும்மா ராகம் காட்டுற பாட்டு இல்லை. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு வாயில வர்ற பேச்சு. 'வருகலாமோ'ங்கிறது ஒரு பண்ணையாள் வாசல்ல நின்னு கேக்குற கேள்வி. 'வழி மறைத்திருக்குதே' திருப்புன்கூர்ல நந்தி குறுக்க படுத்துக் கெடக்குதேன்னு வைக்கிற புகார். இப்ப அதைக் கச்சேரியில பாடுறப்ப முன்வரிசை மாமா தொடையில தாளம் போடுறாரு. உள்ள ஏசி, வாசல்ல வாட்ச்மேன். புகார் குடுத்தவன் வெளியில நிக்க, புகார் மட்டும் உள்ள போயி உக்காந்துக்கிச்சு. பாரதியார் இருந்தா சிரிச்சிருப்பாரு. அவரே வாசல்ல காத்துக் கெடந்தவருதான். தன் புத்தகத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வீட்டுக்கு நடையா நடந்தாரு. இலக்கணப் பிழை இருக்கு, பெரியபுராணத்துல இல்லாத சங்கதி இருக்குன்னு பிள்ளைக்குத் தயக்கம். ஒரு நாள் திண்ணையில உக்காந்து இவரு தன் பாட்டையே முணுமுணுத்துக்கிட்டிருக்க, உள்ள இருந்த பிள்ளை கேட்டு உருகிப்போயி எழுதிக் குடுத்தாராம். உ.வே.சாமிநாதையர் எழுதி வச்சிருக்காரு. அப்புறம் அதை அச்சுல கொண்டாரக் காரைக்கால்ல இருந்த பிரெஞ்சுக்காரத் துரை ஒருத்தர் ஒத்தாசை பண்ணுனாரு, 1860-களோட தொடக்கத்துல. வெள்ளைக்காரன் நம்ம பாட்டுக்குப் பின்னாடி ஓடியாந்திருக்கான். நீ எதிர்த் திசையில ஓடுறே, வழியில பாத்தா கும்பிடு போட்டுக்க.

சாமிநாதையருன்னதும் என்னமோ கும்பகோணத்துக்காரரு மட்டுந்தான்னு நெனைக்காதே. சின்ன வயசுல அவரு சுத்துனதெல்லாம் நம்ம அரியலூர், குன்னம் பக்கந்தான். அவரு அப்பா வெங்கடசுப்பையரு அருணாசலக் கவிராயரோட ராமநாடகப் பாட்டுகளைப் பாடிக் கதை சொல்லிக் குடும்பம் நடத்துனாரு. அதுவும் ஆபெராதான், பாரதியாருக்கு நூறு வருசம் முந்தி. அந்த வெங்கடசுப்பையருக்குச் சங்கீதம் சொல்லிக் குடுத்தவரு கனம் கிருஷ்ணையரு, உடையார்பாளையம் சமஸ்தானத்து வித்துவான். நீ பெட்ரோல் போடப் போறியே, அந்த உடையார்பாளையந்தான். அங்க பெட்ரோல் மட்டும் கெடைக்கும்னு நெனைச்சுக்கிட்டிருக்கே.

சினிமாவுக்கு வர்றேன், கொட்டாவி விடாதே. நம்ம ஆளுங்க பாரதியாரை விட்டுவைக்கலை. 1935-ல 'பக்த நந்தனார்'. நந்தனா நடிச்சது கே.பி.சுந்தராம்பாள். புருசன் கிட்டப்பா போனதுக்கப்புறம் நடிப்பே வேண்டாம்னு ஒதுங்கியிருந்த அம்மாவை ஒரு லட்ச ரூவா குடுத்துக் கூட்டியாந்தாங்க. வேதியரு வேசத்துல மகாராஜபுரம் விசுவநாதய்யரு. ஆண்டைக்கும் கச்சேரி, அடிமைக்கும் கச்சேரி. பாட்டோ பாட்டு. கல்கி விமரிசனம் எழுதுறப்ப நடிகருங்களை விட்டுட்டு, பனைமரமும் எருமையும் நல்லா நடிச்சிருக்குன்னு கிண்டல் பண்ணுனாரு. என் நடையைப் பாத்திருந்தா என்னை எந்த வரிசையில வச்சிருப்பாரோ.

அடுத்தது 1942, ஜெமினி 'நந்தனார்'. முருகதாசா டைரக்சன், தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியரு. தேசிகர் ஓதுவார் பரம்பரை, பின்னாடி சிதம்பரத்துலயே அண்ணாமலை பல்கலைக்கழகத்துல சங்கீதம் சொல்லிக் குடுத்தவரு. நந்தனுக்குக் கெடைக்காத சிதம்பர வாசம் நந்தனா நடிச்சவருக்குச் சம்பளத்தோட கெடைச்சது. அந்தப் படத்துல பாரதியார் பாட்டோட பாபநாசம் சிவன் புதுசா எழுதுனதும் கலந்துடுச்சு. 'பிறவா வரம் தாரும்', 'என்னப்பனல்லவா' ரெண்டும் சிவனோடது. தேன்தான், இல்லேங்கலை. ஆனா அந்த ரெண்டுலயும் நந்தன் சாமிகிட்ட மட்டும் பேசுறான். பாரதியார் பாட்டுல ஆண்டைகிட்டயும் பேசுவான், சேறு ஒட்டியிருக்கும். சினிமாக்காரன் கால் கழுவிவிட்டுத்தான் உள்ள விடுவான்.

அந்தப் படத்தை நான் சின்னப் பையனா டூரிங் கொட்டகையில பாத்தேன். ஒரு பெரியப்பா தோள்ல உக்காந்து. நந்தன் சிதம்பரம் போவ உத்தரவு கேக்குறப்ப பெரியப்பா தேம்பித் தேம்பி அழுதாரு, துண்டு நனைஞ்சுபோச்சு. இடைவேளையில டீ குடிக்கப் போனோம். கடையில ரெண்டு வரிசை டம்ளர் இருந்தது. பெரியப்பா ஒரு வரிசையில குடிச்சாரு. எங்க பண்ணையில வேலை செஞ்சவரும் படத்துக்கு வந்திருந்தாரு, அதே எடத்துல அதே அழுகை அழுதவரு. அவரு இன்னொரு வரிசையில குடிச்சு, தானே கழுவிக் கவுத்து வச்சாரு. அப்புறம் ரெண்டு பேரும் உள்ள போயி, கடைசியில நந்தன் நெருப்புல இறங்குறப்ப மறுபடி அவனுக்காக அழுதாங்க. எந்தக் கடைன்னு கேக்காதே, சொல்ல மாட்டேன். இப்ப அங்க பேப்பர் கப்பு.

இதைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு கலைவாணர். 1949-ல 'நல்லதம்பி'ன்னு படம், கதை வசனம் அண்ணாதுரை. அதுல என்.எஸ்.கே. 'கிந்தனார்'னு ஒரு காலட்சேபம் பண்ணுனாரு பாரு. அதே பாகவதர் கோலம், அதே பின்பாட்டு, அதே இழுவை. ஆனா கிந்தனுக்குச் சிதம்பரம் வேண்டாம், பள்ளிக்கூடம் வேணும். நெருப்புல இறங்க மாட்டான், ரயில் ஏறுவான். கேலி பண்றாருன்னு ஊரே சிரிச்சது. என்னைக் கேட்டா பாரதியாரோட ஆபெராவைச் சினிமாவுல மரியாதையாக் கையாண்டது அந்தக் கேலி ஒண்ணுதான். இசையை யாரு வாயில வச்சா என்ன ஆவும்னு கணக்குத் தெரிஞ்ச ஆளு.

வெள்ளைக்காரங்கள்லயும் அந்தக் கணக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. நீதான் ஒரு நாள் காட்டுனே, கொப்போலாவோட 1979 படம், 'அபோகலிப்ஸ் நௌ'. அமெரிக்கப் பட்டாளம் ஹெலிகாப்டர்ல ஒலிபெருக்கி கட்டி வாக்னர் ஆபெராவை அலறவிட்டுக்கிட்டே வியட்நாம் கிராமத்து மேல சுடுவானுங்களே. அங்க பாட்டைப் போடுறது டைரக்டர் இல்லை, கதைக்குள்ள இருக்கிற கர்னல். அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு அவன் போடுற பாட்டே சொல்லிடுது. உன் படத்துல மஸ்காக்னியைப் போட்டது யாரு? நானா? எனக்கு அவரு அட்ரஸே தெரியாது. மக்காச்சோளமா?

2019-ல 'சர்வம் தாளமயம்' வந்துச்சு, ராஜீவ் மேனன் படம். மிருதங்கம் செய்றவரோட பையன் மிருதங்கம் கத்துக்க வித்துவான் வீட்டு வாசல்ல போயி நிக்கிறான். அதுல 'வரலாமா'ன்னு ஒரு பாட்டு. பேரைக் கேட்ட உடனே எனக்கு ஆனதாண்டவபுரம் ஞாபகம் வந்துடுச்சு. நூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, வாசல்ல நிக்கிறவன் இன்னும் அதே கேள்வியைத்தான் கேக்குறான். டிக்கெட் விலை மட்டுந்தான் ஏறியிருக்கு.

சாமியோட நிலைமையும் சொல்ற மாதிரி இல்லை. நந்தன் நடராசரைப் பாக்க அந்தப் பாடு பட்டான். நம்ம பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராசரு பாஸ்போர்ட் இல்லாம ஆஸ்திரேலியா போனாரு. திருடி வித்ததை 2008-ல கான்பெரா அருங்காட்சியகம் வாங்கி வச்சது, 2014-ல அவங்க பிரதமரே கொண்டாந்து குடுத்தாரு. அங்க இருந்த வரைக்கும் வெளியில நிறுத்தி வைக்காம யாரு வந்தாலும் காட்டுனாங்கன்னு கேள்வி. நந்தன் சிதம்பரத்துக்குப் பதிலா கான்பெரா போயிருந்தா நெருப்புச் செலவு மிச்சம்.

சரி, யோசனை கேட்டே, சொல்லிடுறேன். மஸ்காக்னியைத் தூக்கிடு. அதுக்காக உடனே 'வருகலாமோ'வை எடுத்து என் நடைக்கு ஒட்டாதே, அது அதைவிடப் பெரிய அநியாயம். நான் என் கொல்லைக்குள்ள நடக்க யாருகிட்டடா உத்தரவு கேக்கணும்? நான் நடக்குறப்ப சோளத்தட்டை உரசுற சத்தமே போதும், கூட ரெண்டு இருமல் வேணும்னா இலவசமாத் தர்றேன்.

பாரதியார்தான் வேணும்னு ஆசையா இருந்தா, கேமராவை எடுத்துக்கிட்டுத் திருவிழா அன்னிக்குப் போ. தேர் எந்தத் தெரு வரைக்கும் வந்து எந்த மூலையில திரும்புதுன்னு பாரு. திரும்புற மூலைக்கு அந்தாண்ட நின்னு கும்பிடுறவங்க இருப்பாங்க. அவங்கள்ல ஒருத்தர் பாடுனா அப்படியே பிடி, சுருதி சேரலைன்னு சென்னையில வேற ஆளை வச்சு மாத்தாதே. நம்ம ஊர்ல அப்படியெல்லாம் எதுவும் கெடையாது, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால பக்கத்து ஊர்ல போயி எடு. அங்க போயிக் கேட்டா அவனும் எங்க ஊர்ல இல்லை, பக்கத்து ஊர்லன்னுதான் சொல்லுவான். பக்கத்து ஊருன்னு அவன் கையைக் காட்டுற பக்கம் கேமராவைத் திருப்பாதே, அந்தப் பக்கம் நான் உக்காந்திருப்பேன். யாராவது இந்த யோசனை யாரோடதுடான்னு கேட்டா மஸ்காக்னி சொன்னாருன்னு சொல்லிடு. கேட்டு வர அவங்களுக்கு அவரு அட்ரஸ் தெரியாது.