ராகம் தேடும் மாமா

மாமாவுக்கு ஓரத்து இருக்கைதான் வேண்டும். கொஞ்சமாவது வெளிச்சம் விழுவது அங்கேதான். ஜோல்னாப் பையிலிருந்து முதலில் மூக்குக்கண்ணாடி வரும். அப்புறம் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தப் புத்தகம். பாட்டின் முதலடியை அகர வரிசையில் தேடிப் பிடித்தால் ராகம், தாளம், இயற்றியவர் மூன்றும் கிடைத்துவிடும். மேடையில் சுருதி சேர்ப்பதற்குள் மாமாவின் கட்டைவிரல் எச்சில் தொட்டுத் தயாராக இருக்கும்.

வில்லங்கம் ஆலாபனையில் ஆரம்பிக்கிறது. ஆலாபனையில் சாகித்தியம் கிடையாது. சாகித்தியம் இல்லாததை எந்தப் பக்கத்தில் தேடுவது? தவித்துப்போய்ப் பக்கத்து இருக்கையைச் சுரண்டுவார். “என்ன ராகம், சார்?” பக்கத்து சார் பதில் சொல்லுமுன் முன்வரிசை மாமி திரும்பிப் பார்க்காமலே, “தேவகாந்தாரி” என்பார். “இருங்கோ மாமி, பாட்டு வரட்டும். பார்த்துச் சொல்றேன்.”

அதுவரை சும்மா இருக்க முடியுமா? பையிலிருந்து இரண்டாவது புத்தகம் வெளியே வரும். இது ராகங்களின் ஆரோகண, அவரோகணம் சொல்வது. தேவகாந்தாரி 29-ஆவது மேளமான சங்கராபரணத்தின் ஜன்யம். ஏறும்போது ஸரிமபதஸ, இறங்கும்போது ஸநிதபமகரிஸ. சரி. ஆனால் ஆரபிக்கும் அதே மேளம், அதே ஏற்றம், அதே இறக்கம்! அசைந்து அசைந்து நிதானமாக வருவது ஒன்று, விறுவிறுவென்று ஜண்டைப் பிடிகளோடு ஓடுவது இன்னொன்று என்பதைக் காது சொல்லும். கட்டம் போட்ட அட்டவணை சொல்லாது. மாமா இரண்டு பக்கங்களிலும் விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்ப்பார். அதற்குள் ஆலாபனை முடிந்து வயலினும் வாசித்து முடித்திருக்கும்.

பாட்டு வந்துவிட்டது. தியாகராஜரின் ‘க்ஷீரஸாகர சயன’. இனி நடப்பது சபையின் தனி நிகழ்ச்சி. ‘க’வில் தேடுவார், இல்லை. காதில் சரியாக விழவில்லையோ என்று ‘ச’வுக்குத் தாவுவார். ‘ஷ’வையும் ஒரு நடை எட்டிப் பார்ப்பார். செல்போன் விளக்கு எரியும், நான்கு வரிசைக்கு வெளிச்சம். கடைசியில் வடமொழி எழுத்துகளையெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கும் கடைக்கோடிப் பக்கத்தில் ‘க்ஷீ’ அகப்படும். “தேவகாந்தாரி! ஆதி தாளம்!” என்று வரிசைக்கே அறிவிப்பார். முன்வரிசை மாமி திரும்பவில்லை. பாடகர் சரணத்துக்கு வந்திருந்தார்.

பெயர் கிடைத்ததோ இல்லையோ, மாமாவைப் பொறுத்தவரை பாட்டு முடிந்தது. நிரவல், கல்பனாஸ்வரம் எதுவும் அவருக்கு வேண்டாம்; அடுத்த பாட்டுக்கு விரலை நீவிக்கொண்டிருப்பார். தீரசங்கராபரணம் என்றால் 29, மேசகல்யாணி என்றால் 65 என்று கடபயாதிக் கணக்கில் சட்டென்று சொல்வார். அதே கல்யாணியைப் பாடிக் காட்டினால் கையைப் பிசைவார்.

அனுபல்லவியில் எடுக்கும் பாடகர்கள் அவருக்கு ஜன்ம விரோதிகள். பாரதியார் பாட்டை ஆளுக்கொரு மெட்டில் பாடுகிறவர்களையும் மன்னிக்கமாட்டார். அச்சில் ஒரு ராகம், மேடையில் வேறு ராகம் என்றால் தப்பு மேடையில்தான்.

வீட்டு அலமாரியில் சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யின் தமிழ்ப் பதிப்பும் இருக்கிறது. கமகத்துக்குத் தனித்தனிக் குறியீடு போட்டு, எந்த ஸ்வரத்தை எப்படி அசைப்பது என்று எழுதிவைத்த நூல். அது மேள வரிசையில் போகிறது, முதலடி வரிசையில் போகவில்லை. அதனால் சபாவுக்கு வரும் யோகம் அதற்கு இல்லை.

அந்தச் சின்னப் புத்தகத்தை ஒரு நாள் வாங்கிப் பார்த்தால் திட்ட மனம் வராது. ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. எந்தப் பாட்டை யார், எந்த சபாவில், எந்த வருஷம் பாடினார் என்று பொடிப் பொடியாகக் குறித்திருக்கிறார். சில பாட்டுகளுக்கு எதிரே “அழுகை வந்தது” என்றுகூட இருக்கிறது. அந்தப் பாட்டுகளின்போது பக்கம் புரட்டினாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மேடைமேலும் குறை உண்டு. ஹிந்துஸ்தானிக் கலைஞர்களில் பலர் ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். நம் வித்வான்களில் பலர் வாயே திறப்பதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? மாமாவும் விளக்கை அணைப்பார். பின்வரிசைக்காரர்களும் பாட்டைக் கேட்பார்கள். டிக்கெட் வாங்கியவன் காகிதச் சரசரப்புக்கா காசு கொடுத்தான்?

போன சீசனில் ஒரு மாலை ராகம் தானம் பல்லவி. பல்லவி வரியோ வித்வான் தாமே அமைத்துக்கொண்டது. மாமா முதலடியைத் தேடினார், தேடினார், புத்தகத்தை மூடினார். வேறு வழியில்லாமல் முக்கால் மணி நேரம் கேட்டார். தலை ஆடிற்று, தொடையில் தாளம் விழுந்தது. ராகமாலிகை ஸ்வரத்தில் ராகம் மாறியபோது, முன்வரிசை மாமிக்கும் முந்தி, “பேஷ்!” என்றார்.

மறுநாள் சாயங்காலம் சபா வாசல் புத்தகக் கடையில் முதல் ஆளாக நின்றார். “ஏம்பா, பல்லவிக்குன்னு தனியா அகர வரிசை ஏதாவது வந்திருக்கா?”

“இன்னும் வரலை, மாமா.”

“வந்தா ரெண்டு எடுத்து வை. மாமிக்கு ஒண்ணு.”