கொலை செய்ய விரும்புவோர் கவனத்துக்கு

முதலில் சாக வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுங்கள். செத்தால் யாரும் அழாத ஆளாக இருப்பது உத்தமம். கொஞ்சம் சொத்து, அடிக்கடி உயிலை மாற்றும் வழக்கம், 'எப்போது போவார்' என்று காத்திருக்கும் நாலு உறவினர்கள் போதும். உங்கள் மேலதிகாரியின் சாயல் வந்தாலும் பாதகமில்லை. மர்ம நாவல் எழுதுவதில் பாதி சுகம் அதில்தான் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

ஆயுதம்? அரிவாளில் யோசிக்க ஒன்றுமில்லை. விஷம் கௌரவமானது. முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த அகதா கிறிஸ்டி, 1920இல் வந்த முதல் நாவலிலேயே ஸ்ட்ரிக்னினைக் கையில் எடுத்தார். பிணங்களுக்குப் பஞ்சம் வருமோ என்ற கவலையும் வேண்டாம். ராஜேஷ்குமார் 1500 நாவல்களுக்கு மேல் எழுதியும் அவர் ஊரான கோயம்புத்தூரில் ஜனத்தொகை குறையவில்லை.

துப்பறிபவருக்கு ஏதாவது ஒரு பழக்கம் இருக்கட்டும். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர். சுஜாதாவின் கணேஷுக்கு ஜூனியர் வசந்த்.

இனி, வேலையின் கஷ்டமான பகுதி. கொலையாளியை ஆரம்பத்திலேயே வாசகர் முன் நடமாட விட வேண்டும். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் இரட்டையர்களை இறக்கக் கூடாது. 1929இல் இப்படிச் சட்டம் போட்ட ரொனால்ட் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தமிழ் சினிமா பார்த்திருக்க வாய்ப்பில்லை. துப்பைப் பரணில் ஒளிக்காதீர்கள், நடுக்கூடத்தில் போடுங்கள். அத்தையின் மூட்டுவலிப் புலம்பலுக்கும் பால்காரர் பாக்கிக்கும் நடுவே, போகிற போக்கில் ஒரே வரி. வாசகர் அதைத் தாண்டிப் போகும்போது உங்களுக்கு வரும் அற்பச் சிரிப்புக்கு எந்தச் சன்மானமும் ஈடாகாது.

வாசகரைப் பார்த்துப் பரிதாபப்படவும் வேண்டாம். அவர் தோற்கத்தான் காசு கொடுத்திருக்கிறார். கொலையாளியை முன்பே கண்டுபிடித்துவிட்டால் "சப்பென்று இருக்கிறது" என்பார். கோட்டைவிட்டால் "அடப்பாவி!" என்று உங்கள் அடுத்த புத்தகத்தைத் தேடுவார். ஆனால் ஆட்டம் நேர்மையாக இருக்க வேண்டும். 1926இல் ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை வந்தபோது, கிறிஸ்டி மோசடி செய்துவிட்டதாகச் சிலர் கொதித்தார்கள். திரும்பப் படித்தால் ஒரு வரிகூடப் பொய் இல்லை, எல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. கொன்றது யார் என்பதை, நூறாண்டு ஆனாலும், நான் சொல்லப் போவதில்லை.

படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி அத்தியாயத்தைப் புரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே வந்திருக்கிறாய்?" என்று கேட்டுப் புன்னகைக்கும் மச்சானிடமிருந்து தள்ளி உட்காருங்கள். நூலகப் புத்தகத்தில் எந்தப் புண்ணியவானாவது ஒரு பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு 'இவன்தான்' என்று எழுதியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அவர் அந்தப் பக்கத்தோடு படிப்பதை நிறுத்தியவராகவும் இருக்கலாம்.