படிக்காமல் படி

புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவில் மாலை ஏழு மணி ஆனால் சங்கு ஊதியதுபோல் ஓர் அப்பாவின் குரல்: "கதைப் புத்தகத்தை மூடி வச்சிட்டுப் படிடா!" படிப்பு வேறு, வாசிப்பு வேறு. முன்னதுக்கு மதிப்பெண் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் எட்டாவது படிக்கும் பையனுக்கும் ஜே.இ.இ.தான் வேதம்.

"இவனுக்கு வாசிக்கிற பழக்கமே இல்ல சார்" என்று குறைப்படுபவரும் அதே அப்பாதான், ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே. சென்னைப் புத்தகக் காட்சியில் மூட்டையாக வாங்கியவை ஷோகேஸில், பூட்டோடு. சாவி அம்மாவிடம். "கிழிச்சிடுவான்."

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். பாவம், அவர் ஷோகேஸைப் பார்க்கவில்லை போலும்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவை நாங்கள் அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்துத்தான் வாசித்தோம். எங்களை யாரும் ஊக்குவிக்கவில்லை, தேடிப்பிடித்து உதைத்தார்கள். அவ்வளவு வாசித்தோம்.

நேற்று கடற்கரையில் அதே பையன் சுண்டலைத் தின்று முடித்து, பொட்டலக் காகிதத்தைப் பிரித்து ஏதோ பழைய தொடர்கதையில் மூழ்கியிருந்தான். அப்பா வெடுக்கென்று பிடுங்கினார்.

"குப்பையை என்னடா பார்க்கிற? வீட்டுக்கு வா, படிக்கணும்."