மாத்திப் பாக்கலாம்

நொச்சிக்குப்பம் லூப் ரோட்டோரம் வரிசையாக நிற்கும் பழைய வேன்களில் ஏதாவது ஒன்றில் அவர் குடியிருப்பார். மூத்தவனுக்குக் கல்யாணமாகி, குடிசை மாற்று வாரியத்து வீட்டின் ஒற்றை அறை புதுப் பெண் வசம் போனதும், பாய் தலையணையோடு கீழே இறங்கியவர். கேட்டால், "இங்க காத்து நல்லா வருது" என்பார். வரத்தான் வருகிறது. உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

உப்புக்காற்றில் செம்பு பச்சை பூக்கும், இரும்பு உதிரும். ஆனால் இவர் அதை ஒருநாளும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில்லை. பிறந்த கடற்கரையைப் பழி சொல்ல மனசு வராதோ என்னவோ.

"இன்னாண்ணே, இன்னிக்கு இன்னாத்த மாத்துற?" என்பார், மீன் அங்காடிக்குக் கூடை தூக்கிப் போகும் அம்மா.

"லைட்டு வுட்டு வுட்டு எரியுதும்மா. பல்ப மாத்திட்டேன்."

"எரிஞ்சுதா?"

"ஸ்விட்ச்ச மாத்தணும் போல."

ஸ்விட்ச்சுக்குப் பிறகு ஒயர், ஒயருக்குப் பிறகு ஃப்யூஸ். ஃப்யூஸ் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனவர் இன்வெர்ட்டரோடு திரும்புவார். வீட்டில் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூடக் கேட்காத 100 வாட் சாமான், 12 வோல்ட் பேட்டரியிடம் எட்டு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதற்குத் தடித்த ஒயர் வேண்டும். இவர் போட்டிருப்பதோ காலிங் பெல் ஒயர். அது சுட்டால், "பேட்டரி வீக்கு" என்று தீர்ப்பாகிவிடும்.

தலைமாட்டில் சிவப்பு எண்கள் மின்னும் வோல்ட் மீட்டர் ஒன்று உண்டு. 12.6 காட்டினால் முகம் மலரும். 12.2க்கு இறங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். 11.9 ஆனால் ஃபேனை அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் படுத்துக் கிடப்பார். பேட்டரி ஓய்வெடுக்க வேண்டுமல்லவா!

மெய்யான கோளாறு, பேட்டரி முனையில் பாசிபோல் படர்ந்திருக்கும் பச்சை. கனெக்‌ஷனைக் கழற்றி, ஆப்பசோடாத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து மாட்டி, கிரீஸ் தடவினால் தீர்ந்தது. ஃபைபர் போட்டில் போகும் பையன் சொல்லியும் பார்த்தான். கேட்பாரா? சுரண்டுவதெல்லாம் அவர் கணக்கில் வேலையே இல்லை. குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனதைக்கூட அவர் மெச்சிக்கொள்வார்: "பார்த்தியா, பேரையே மாத்திட்டான். மாத்தினாத்தான்பா வேலை நடக்கும்."

இத்தனைக்கும், தலைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவருடைய சொந்த வீட்டில், இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் கரண்ட் இலவசம். 2016லிருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் உள்ள சலுகைதான். சக்கரம் வைத்த வீட்டுக்குத்தான் கிடையாது.

அந்தக் கூடைக்கார அம்மாள் பார்த்துப் பார்த்து, ராத்திரி எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியே இறக்குவார். "ஃபேனையாவது மாட்டிக்கினு தூங்கேன்யா!"

"தேவையில்ல. நம்ம வண்டி தன் காலில நிக்குது" என்று சொல்லிக்கொண்டே பாக்ஸை வாங்கி, அதில் சால்டரிங் அயர்னை மாட்டுவார். புது இன்வெர்ட்டரின் ஒயர் கழன்றுவிட்டிருக்கும்.