ஐ ஹியர் யூன்னா லீவு குடுத்துட்டான்னு அர்த்தமாலே?

ஏலே, அந்த ஹெட்போனைக் கழத்தி வச்சிட்டு இப்படித் திண்ணையில உக்காரு. வெள்ளாமையை ஆடு மேஞ்ச காடு கணக்கா இருக்கு உன் மூஞ்சி. லண்டன்ல இருக்க மேனேசர் லீவு தரலைன்னுட்டானாக்கும்? தரமாட்டான்னு எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே தெரியும். நீ அவங்கூடப் பேசுதப்போ நான் கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டுத்தான் கிடந்தேன். கண்ணை மூடலாம், காதுக்கு ஏதுலே கதவு?

அக்கா கல்யாணம், பந்தக்கால், சீருசெனத்தின்னு பத்து நிமிசம் பாடின. அவன் பொறுமையாக் கேட்டுட்டு "ஐ ஹியர் யூ"ன்னான். உடனே நீ தேங்க்யூ தேங்க்யூன்னு குதிச்சு, ஆச்சிகிட்ட ஓடிப்போயி லீவு கிடைச்சிட்டுன்னுட்ட. அவ தெருவுக்கே சொல்லிட்டா. கோட்டிக்காரப் பயலே, அவன் சொன்னது "நீ பேசுனது காதுல விழுந்துச்சு"ன்னு மட்டுந்தான். அதே வார்த்தையைச் சேக்காளி சொன்னா ஆறுதல், மேலதிகாரி சொன்னா அநேகமா தள்ளுபடி. பின்னாலயே ஒரு "பட்" வந்துச்சே, கவனிச்சியா? பட்டுன்னதும் நீ கல்யாணப் பட்டுன்னு நெனச்சுட்ட போல.

உனக்கு எப்படித் தாத்தா இங்கிலீசு தெரியும்னுதானே பாக்க? முன்சீப் கோர்ட்டுல முப்பத்திரெண்டு வருசம் டவாலிலே நான். பேரை மூணு தரம் கூப்பிட்டா என் சோலி முடிஞ்சு போச்சு. மிச்ச நேரமெல்லாம் செவுத்துல சாஞ்சு கேட்டதுதான். அதுக்குப் பேரும் "ஹியரிங்"னு வச்சிருந்தாங்க. கேக்குதேன்னு பேரு வச்சுக்கிட்டு, வாய்தா வாங்கிட்டுக் கலைஞ்சு போவாங்க. சில வழக்குல பேரன் வந்து தாத்தா பேருக்கு ஆஜர் சொல்லுவான்.

காதுல கேட்ட சங்கதிக்கு வெள்ளைக்காரன் வச்ச கட்டைக் கேளு. 1872-ல போட்ட சாட்சியச் சட்டம், 60ஆம் பிரிவு. காதால கேட்டதுன்னா, கேட்டவனே கூண்டுல ஏறி "நான் கேட்டேன்"னு சொல்லணும். "அவன் கேட்டானாம்"னு இவன் வந்து சொன்னா அது ஹியர்சே, பெரும்பாலும் செல்லாது. 2024 ஜூலையில புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பொறவும் அந்த விதி போகல்ல. கோர்ட்டுல இம்புட்டுக் கறாரா இருக்கவன் வெளியே வந்தா என்ன பேசுதான்? "ஐ ஹியர் யூ ஆர் கெட்டிங் மேரீட்." கேட்டது போன வாரம், பேசுதது நிகழ்காலத்துல. சொன்ன ஆள் பேரு மட்டும் வெளிய வராது. நாம "கேள்விப்பட்டேன்"னு சொல்லுத அதே வம்புதாம்லே. இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டு கடையில ரெண்டு உளுந்தவடையைப் பிச்சு சாம்பார்ல முக்கிக்கிட்டு இருக்கும்போது, உன் லீவு ரத்தானதை இப்படித்தான் ஒருத்தன் "கேள்விப்பட்டேன்"னான். எண்ணெய்ப் பலகாரம் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கு, ஆச்சிகிட்ட மூச்சு விட்டிராத.

நமக்கு "கேள்"னு ஒரே சொல்லு. சத்தம் கேக்கும், கடன் கேப்பான், பேச்சைக் கேக்கமாட்டான். மூணு மாட்டையும் ஒரே கயித்துல கட்டிட்டோம். அவன் தனித்தனியா தொழுவம் போட்டிருக்கான். சும்மா காதுல விழுந்தா ஹியர். காதைக் குடுத்துக் கேட்டா லிசன். அந்த லிசன்ல நடுவுல ஒரு டி எழுத்து உக்காந்திருக்கு, பாத்திருக்கியா? வாயே திறக்காது. பின்னால "டு"ன்னு ஒரு வாலும் உண்டு. நீ வாலை அறுத்துட்டு "லிசன் மீ, லிசன் மீ"ன்னு கத்துத. இன்னொண்ணு, போன்ல சிக்னல் போனா "ஆர் யூ ஹியரிங் மீ"ன்னு அலறாத. "கேன் யூ ஹியர் மீ"ன்னு கேளு. ஜட்ஜு வழக்கை ஹியரிங் பண்ணிக்கிட்டு இருக்கலாம். உன்னைப் பத்தி நல்ல சேதியா வந்துக்கிட்டே இருந்தா, "ஐயாம் ஹியரிங் குட் திங்ஸ்"னும் சொல்லலாம். அதுக்கு மொதல்ல நல்ல சேதி வரணும்.

"ஐ வோண்ட் ஹியர் ஆஃப் இட்"னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் பயந்திராத. நீ பில்லுக்குக் காசு எடுக்கும்போது சொன்னான்னா, உன்னை எடுக்க விடமாட்டான்னு அர்த்தம். பையை உடனே மூடிக்கோ, ரெண்டாந்தரம் மல்லுக்கட்டாத. "யூ வில் ஹியர் ஃபிரம் மை லாயர்"னு சொன்னாத்தான் குலைநடுங்கணும். அது காதால கேக்குத சேதி இல்ல, தபால்ல வரும்.

ஒட்டுக்கேக்குததுக்கும் அவன்கிட்ட சொல்லு இருக்கு, ஈவ்ஸ்டிராப். ஈவ்ஸ்னா இறவாரம். மழைத்தண்ணி சொட்டுத அந்த எடத்துல நின்னு உள்ள பேசுததைக் கேக்குதவன் ஈவ்ஸ்டிராப்பர். இங்கிலாந்துல அது குத்தமாவே இருந்திருக்கு. அப்படிக் கேட்டுட்டு ஊருக்குள்ள கோள்மூட்டுதவனை, பிளாக்ஸ்டோன்னு ஒரு சட்டப்புலி 1769-ல ஊருக்கு உபத்திரவம்னே எழுதி வச்சான். 1967-லதான் அந்தக் குத்தத்தை எடுத்தாங்க. எடுத்தது சரியில்லைன்னுதான் நான் சொல்லுவேன். என்னைப் பாத்து ஏம்லே சிரிக்க? நான் கேட்டது கட்டில்ல படுத்துக்கிட்டு. இறவாரத்துல நிக்கல்லேல்ல?

ஏலே, இரு. மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல, இறவாரத்துப் பக்கம் என்னலே சலசலப்பு? ஏளா, நீ எப்ப இருந்து அங்க நிக்க?

"ரெண்டு உளுந்தவடையில இருந்து நிக்கேன்."