சாம்பாரில் ஒளிந்திருக்கும் கோதுமை

கேள்வி: என் மகளுக்கு சீலியாக் நோய். சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவா உப்புமா எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. சாம்பார் சாதம்தான் சாப்பிடுகிறாள். ஆனாலும் வயிறு உப்புகிறது. எங்கே தப்பு?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அந்தச் சாம்பாரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், அம்மா! பருப்பும் புளியும் நிரபராதிகள். பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஒரு சிட்டிகைதானே என்று விட்டுவிடாதீர்கள். சீலியாக் உள்ளவர்களுக்கு ஆகாதது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம். குளூட்டன் இல்லாத உணவு என்று லேபிள் ஒட்ட நம் நாட்டு விதி அனுமதிக்கும் உச்ச அளவே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அடுத்த சந்தேகம் மாவு மில். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், உங்கள் கேழ்வரகுத் தூக்கில் முதலில் விழுவது அவர் வீட்டு மாவு! குழந்தைக்கானதை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துவிடுங்கள். பார்லி கலந்த மால்ட் பானமும் சோயா சாஸும் வேண்டாம்.

இட்லி, இடியாப்பம், ஆப்பம், கம்பங்கூழ் என்று அவளுக்கு ராஜ விருந்தே வைக்கலாம். ஹோட்டல் தோசைக்கல்லில் மட்டும் எச்சரிக்கை. ரவா தோசையும் அதில்தான் வேகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் உப்புசம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பால் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். உடன்பிறந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அவர்களுக்குக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்யுங்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.